செத்த ஸ்டீரிங்

முழங்கால் இரண்டிலும் யாரோ உள்ளிருந்து ஆணி அடிப்பதுபோல் குத்தல். க்னூரூவ் ஊரில் ஒரு பட்டறையின் பின்முற்றத்தில், ஈரச் சிமெண்டுத் தரையில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுப் படுத்து, ஒரு காரின் அடிவயிற்றை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டிருந்தேன். மார்ச் மாதக் காற்று சட்டைக்குள் புகுந்து முதுகைத் தடவியது. காலையிலிருந்து வயிற்றுக்குள் போனது ஒரு காபி, ஒரு ரொட்டித்துண்டு. கதவுக்குக் கீழே ஓடுகிற இரும்புப் பட்டைதான் எங்கள் பக்கத்துக் கார்களுக்கு எமன். பனிக்காலம் முழுக்க ரோட்டில் கொட்டுகிற உப்பு அங்கேதான் போய்க் குடியிருக்கும். விற்கிறவன் அதன்மேல் தார் பூசி மறைத்திருப்பான். தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும். 'தப்' என்று கேட்டால் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். இந்தக் கார் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை 'டங்' என்றது.

கார் எனக்கில்லை, ஹூபர்ட்டுக்கு. என் மனைவி எடிட்டாவின் தம்பி. நிலக்கரிச் சுரங்கத்தின் அடியில் இருபத்தைந்து வருஷத்தை முடித்துவிட்டு, போன நவம்பரில் ஓய்வூதியத்தோடு மேலே வந்தவன். நானும் அதே சுரங்கத்தில்தான் கிடந்தேன். நாற்பத்தாறு வயது, தனி ஆள். அவனுடைய ஆசையும் பெரிய ஆசையில்லை. கோப்பை வாங்க வேண்டும், பேப்பரில் படம் வர வேண்டும் என்றெல்லாம் கிடையாது. ஓபோலே பக்கம் பழைய ராணுவ விமானதளத்தில் ஒரு டிராக் இருக்கிறது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கென்று அங்கே சில நாட்கள் ஒதுக்குவார்கள். பணம் கட்டி, ஹெல்மெட் மாட்டி, சொந்தக் காரிலேயே சாயங்காலம்வரை வேகமாகச் சுற்றலாம். எதிரே லாரி வராது, போலீஸ்காரன் நிற்க மாட்டான். முதல்முதலாகச் சுரங்கக் கூண்டில் ஏறிக் கீழே இறங்கிய நாளிலேயே இதை என்னிடம் சொன்னான். அறுநூறு மீட்டர் ஆழத்தில், முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும் தெரிய, வளைவில் எப்போது பிரேக்கை விட வேண்டும் என்று பாடம் நடத்துவான்.

எந்த வண்டி வாங்குவது என்பதில் அவனுக்குக் குழப்பமே இல்லை. எடை குறைந்ததாக இருக்க வேண்டும். எஞ்சினில் யாரும் கைவைத்து முறுக்கேற்றாததாக இருக்க வேண்டும். சுவரில் கொண்டுபோய்ச் சொருகினாலும் அழுகை வராத விலையாக இருக்க வேண்டும். கையிலிருக்கும் பணத்தில் பாதியை வண்டிக்குப் போட்டு, மறுபாதியை பிரேக்குக்கும் டயருக்கும் ஒதுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, ஸ்டீரிங் பேச வேண்டும். கீழே சக்கரத்துக்கு என்ன நடக்கிறது என்பதை அது கைக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிச் சொல்லாத வண்டி, பழகுகிறவனைக் கொன்றுவிடும் என்பான்.

பிப்ரவரியில் பார்த்த முதல் கார் அப்படிப் பேசவில்லையாம். பிரெஞ்சுக்காரன் செய்த சின்ன வண்டி, ஒரு வாத்தியார் பொத்திப் பொத்தி வைத்திருந்தது. ஹூபர்ட் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து உதட்டைப் பிதுக்கினான். இரண்டாவது காரும் அப்படியே. இது மூன்றாவது. இரண்டே இருக்கை, பின்சக்கரம் தள்ளுகிற ஜப்பான் வண்டி. டிராக் பழகுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவது. இதுதான் என்று அவனே ஒரு வாரமாகத் தூங்காமல் சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் எழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவன் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தான். எஞ்சினை அணைத்த பிறகும் இறங்கவில்லை. ஸ்டீரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுவும் செத்த ஸ்டீரிங்தான் மச்சான்," என்றான்.

விற்கிறவன் புறாக்கூண்டுக்குத் தானியம் போட்டுக்கொண்டிருந்தான். திரும்பாமலே, "செத்துப்போச்சா? அப்ப ஃபாதரக் கூப்பிட்டு அடக்கம் பண்ணிருவமா?" என்றான்.

வண்டியை உள்ளே ஒதுக்கி விடுகிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டேன். ஒதுக்கவில்லை, தெருக்கோடிவரை போய்த் திரும்பினேன். கருங்கல் பாவிய பழைய தெரு. ஒவ்வொரு கல்லும் என் உள்ளங்கையில் வந்து தட்டிவிட்டுப் போனது. தண்டவாளத்தைத் தாண்டும்போது இடது சக்கரம் முதலில் ஏறியது, வலது பிறகு ஏறியது, இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தது. சாக்கடை மூடி, மணல், ஈரமான இடம், எல்லாவற்றையும் அந்த ஸ்டீரிங் வாய் ஓயாமல் சொன்னது. நான் கார்ப் பைத்தியம் இல்லை. எனக்கே கேட்டது.

திரும்பி வந்தபோது ஹூபர்ட் முற்றத்தில் நின்று ஜாக்கெட்டின் ஜிப்பை இழுத்துவிடப் பார்த்துக்கொண்டிருந்தான். விரல்கள் அதன் கொக்கியைப் பிடிக்கப் போவதும் நழுவுவதுமாக இருந்தன. இரண்டாவது கணுவரை வெள்ளை வெளேரென்று, மெழுகுவத்தி மாதிரி. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"ஓட்டினியா? எப்படி?" என்று கேட்டான். அவன் முகத்தில் பயம் இருந்தது. பாறை இறங்கப் போகிற சத்தம் கேட்டால் வருமே, அந்த முகம்.

"ஆமாடா. செத்துதான் கெடக்கு," என்றேன்.

அவன் மூச்சு விட்டான். ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் ஜப்பான்காரனைத் திட்டிக்கொண்டு வந்தான்.

எங்களுக்கு இந்த வெள்ளை விரலைப் பற்றித் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பாறை துளைக்கிற மிஷினைப் பிடித்தவனுக்கு அந்த அதிர்வு கை நரம்பைத் தின்னும். முதலில் குளிரில் விரல் வெளுக்கும், பிறகு மரத்துப்போகும், பிறகு வெயில்காலத்திலும் மரத்தபடியே இருக்கும். ஆண்டுதோறும் நடக்கிற பரிசோதனையில் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மேலே வேறு வேலைக்கு மாற்றிவிடுவார்கள். ஆனால் மேலே செய்கிற வேலை ஓய்வூதியத்துக்கு வேண்டிய அந்த இருபத்தைந்து வருஷத்தில் சேராது. பத்தொன்பது வருஷம் முடித்தவன் மீதி ஆறுக்காக வாயை மூடிக்கொள்வான். பரிசோதனைக்குப் போகுமுன் கழிவறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு அரைமணி நேரம் கையை அதிலேயே வைத்திருப்பான். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்பார்கள். ஹூபர்ட்டும் அதைத்தான் செய்தான். ஆனால் மரத்தது எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்பதை அவன் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. மரத்தது தன் கை என்று தெரியாமல், காரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தான்.

எடிட்டாவிடம் அன்றே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு மாவை உருட்டி, ஒவ்வொன்றிலும் கட்டைவிரலால் குழி போட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் குழி போடுவதை நிறுத்தவில்லை. பிறகு, அவன் இரண்டு வருஷமாகப் பொத்தான் வைத்த சட்டையே வாங்குவதில்லை, கவனித்தீர்களா என்று கேட்டாள். நான் கவனித்ததில்லை.

"நீங்கதான் சொல்லணும். அவன்கூடக் கீழ கெடந்தவரு நீங்கதான்," என்றாள்.

சொல்கிறேன் என்றேன். அடுத்த ஞாயிறு அவன் எங்கள் மேசையில் உட்கார்ந்து இரண்டு தட்டு தின்றுவிட்டு, நாலாவதாக ஒரு வண்டி பார்த்திருக்கிறேன் என்று கண் மின்னச் சொன்னான். நான் சிவப்பு முட்டைகோஸை அவன் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

நாலாவது வண்டி ரிப்னிக்குக்கு வெளியே, ஒரு கோழிப்பண்ணையின் கொட்டகையில் நின்றது. முப்பது வயதான பெட்டி மாதிரி சின்னக் கார். பவர் ஸ்டீரிங் கிடையாது. நிறுத்தி வைத்துத் திருப்பினால் தோள் கழன்றுவிடும். கதவுப் பட்டையைத் தட்டவே தேவையில்லை, ஸ்க்ரூடிரைவரை வைத்ததும் பிஸ்கட்டில் இறங்குகிற மாதிரி இறங்கியது. நான் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஹூபர்ட் வயல் பாதையில் அதைக் குதிக்கவிட்டுக்கொண்டு வந்து நிறுத்தினான். குண்டும் குழியும் அந்த மொட்டை ஸ்டீரிங் வழியாக முழங்கைக்கும் தோளுக்கும் ஏறி உதைத்திருக்கிறது. அங்கே அவனுக்கு உயிர் இருந்தது.

"மச்சான், இது பேசுதுடா," என்றான். "அத்தன வண்டியும் ஊமை. இது ஒண்ணுதான் பேசுது."

ஒரு நல்ல வார்த்தை சொல்லி அவனை நிறுத்த எனக்கு அங்கே வாய்ப்பிருந்தது. துருவைக் காட்டியாவது நிறுத்தியிருக்கலாம். "பட்டையை நான் வெல்டு பண்ணித் தர்றேன்," என்றேன். ஏப்ரல் முழுக்க அவன் ஓய்வூதியக் காசில் தகடு வாங்கி, அந்த அழுகலை வெட்டி எறிந்துவிட்டுப் புதுசு வைத்தேன். பிரேக் எண்ணெயை மாற்றினோம், கட்டைகளை மாற்றினோம், நல்ல டயர் போட்டோம். நட்டு எல்லாவற்றையும் நானே முடுக்கினேன். அவன் கையில் கொடுத்தால் நழுவி விழும், விழுந்தால் சிரித்துக்கொண்டு "கெழவனாயிட்டேன்" என்பான். நானும் சிரிப்பேன்.

மே மாதம் இரண்டாவது சனி. வெயில் நன்றாக அடித்தது, அவன் விரல்கள்கூடச் சிவப்பாக இருந்தன. என் பொறுப்பிலேயே ஓட்டுகிறேன் என்ற தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். முதல் சுற்றுகளுக்குப் பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்வது அங்கே விதி. கொர்னேலியா என்று ஒரு பெண், முப்பது வயதிருக்கும். எங்கள் வண்டியைப் பார்த்து, இது இன்னும் பிழைத்திருக்கிறதா என்று கேட்டு ஹூபர்ட்டைச் சிரிக்கவைத்தாள். கால்மணி நேரம் சுற்றினார்கள். நேர்ப்பாதையில் நன்றாகத்தான் போனான். கொண்டை ஊசி வளைவில் மூன்று முறையும் வண்டி அகலமாக வெளியே போய்ப் புல்லைத் தொட்டுத் திரும்பியது.

உள்ளே வந்து நிறுத்தியதும் நான் கதவருகே போனேன். கொர்னேலியா ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள்.

"அண்ணே, வளைவுல உங்க கை ஸ்டீரிங்ல வழுக்குது. ஒரு சாண் வழுக்குது. தெரியுதா?"

அப்படி ஒன்றும் இல்லையே என்றான் ஹூபர்ட்.

"எங்கப்பாவும் மிஷின் புடிச்சவருதான்," என்றாள் அவள். "கையக் குடுங்க. கண்ண மூடிக்குங்க. எந்த விரலத் தொடுறேன்னு மட்டும் சொல்லுங்க."

அவன் வலது கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டான். பள்ளிக்கூடத்துப் பையன்போல முகத்தைச் சுருக்கிக் கவனித்தான். அவள் தன் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"நடுவிரல்," என்றான் ஹூபர்ட்.

அவன் கண்ணைத் திறந்தபோது, கையுறை அவள் விரல்களில் பாதிதான் கழன்றிருந்தது. அவன் அதைப் பார்த்தான். பிறகு தன் கையைப் பார்த்தான். அதை மெதுவாக எடுத்துத் தொடைமேல், யாருடைய பொருளையோ வைப்பதுபோல் வைத்துக்கொண்டான். கொர்னேலியா அவன் தோளை ஒரு முறை அழுத்திவிட்டு இறங்கிப் போனாள். இனி இவரை ஓட்டவிட முடியாது, வேண்டுமானால் நீங்கள் இவரை உட்காரவைத்துச் சுற்றுங்கள் என்று என்னைக் கடக்கும்போது தாழ்ந்த குரலில் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

அடுத்த சுற்றுக்கு அழைக்கிற மணி அடிக்கும்வரை அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு இறங்கி, காரைச் சுற்றி வந்து, பக்கத்து இருக்கையில் ஏறி, பெல்ட்டோடு சண்டை போட ஆரம்பித்தான். குனிந்து நான்தான் மாட்டிவிட்டேன்.

"நீ ஓட்டு. அது என்ன சொல்லுதுன்னு எனக்குச் சொல்லிக்கிட்டே வா."

ஓட்டினேன். முழங்கால் கதறியது. எனக்குப் பேச வராது, இருந்தும் சொன்னேன். இப்போது ரோடு சொரசொரப்பாக இருக்கிறது. இப்போது ஸ்டீரிங் லேசாகிறது, முன்சக்கரம் பிடியை விடப் பார்க்கிறது. இப்போது பிடித்துக்கொண்டது. அவன் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டு வந்தான். மூன்றாவது சுற்றில் கேட்டான்.

"க்னூரூவுலயே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்டா செத்துக்கெடக்குன்னு சொன்ன?"

கொண்டை ஊசி வந்துகொண்டிருந்தது. பிரேக்கை மிதித்தேன், திருப்பினேன். தாரின் ஒவ்வொரு பொடிக்கல்லும் என் விரல் நுனிக்கு வந்தது. ஐம்பத்திரண்டு வயதில், அவனைவிட அதிக நாள் கீழே கிடந்த என் கைக்கு எல்லாம் கேட்டது. ஏன் கேட்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரு மிஷினுக்கு இரண்டு ஆள். ஷிப்டின் முதல் பாதி ஒருவன், அடுத்த பாதி மற்றவன். ஆறு வருஷம் நானும் அவனும் ஜோடி. அவன் ஆரம்பிப்பான். பாதி ஷிப்டு ஆனதும், "இரு மச்சான், கை சூடாயிருக்கு, இன்னும் ரெண்டு துளை" என்பான். இரண்டு என்றால் பத்து. நான் எழுந்து போய் மிஷினை வாங்கியிருக்க வேண்டும். நான் கட்டைமேல் உட்கார்ந்து, கொழுப்பு தடவிய ரொட்டியைத் தின்றுகொண்டு, நல்ல பையன் என்று நினைத்துக்கொள்வேன். சில நாள் தூங்கியும் போனேன். ஒரு நாள்கூட அவன் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. அவனுக்கு அது ஞாபகத்தில் இருக்கிறதா என்றுகூடத் தெரியாது.

வளைவைத் தாண்டினேன். அவன் பதிலுக்காகக் காத்திருந்தான். "இப்ப ரோடு வழவழன்னு இருக்கு," என்றேன்.

கொடி காட்டினார்கள். உள்ளே வந்து நிறுத்தினோம். எஞ்சின் ஆறுகிற சத்தம் டிக், டிக் என்று கேட்டது. ஹூபர்ட் இறங்கி முன்னால் போய், காரின் எஞ்சின் மூடிமேல் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றிக் குனிந்து நின்றான். டிராக்கில் அடுத்த கூட்டம் கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூடிக்கு மேலே சூட்டில் காற்று நெளிந்துகொண்டிருந்தது. நான் ஓடிப்போய் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து இழுத்தேன். உள்ளங்கை இரண்டும் செக்கச்செவேலென்று இருந்தன. என்ன ஆயிற்று என்று அவன் என்னைக் கேட்டான்.

கையை விடாமல் நின்றேன். ஆறு வருஷத்து அரை ஷிப்டுகள். அத்தனையும் நான் ஹூபர்ட்டுக்குக் கடன். இன்னும் தரவில்லை.