ஒரே தொண்டையில் இரண்டு குரல்

"இன்னைக்கு ஸ்பீக்கர் ஒரு தடவை ஊளையிட்டாலும் அடுத்த ஃபிளைட்ல உன் ஊரு அருப்புக்கோட்டைதான். கலாஸ், முடிஞ்சுது."

காதர் மைதீன் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வைரவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

துபாயின் அல் குசைஸில் மைக் செட் வாடகைக்கு விடும் கீழக்கரைக்காரர் அவர். போன வாரம் இதே விழா மேடையில் முக்கிய விருந்தினர் பேசும்போது ஸ்பீக்கர் கூவித் தொலைத்தது. அதோடு பழைய ஆபரேட்டரின் வேலை போய்விட்டது. இரண்டு வருடமாகக் கேபிள் சுமந்த வைரவனை மிக்ஸர் முன்னால் உட்கார வைத்துவிட்டு, வேறொரு சைட்டைப் பார்க்கக் கிளம்பினார் காதர் மைதீன். 2007 பிப்ரவரி. ஆபரேட்டராக வைரவனின் முதல் நாள். அதுவே கடைசி நாளாகிவிடக் கூடாது.

மாலை நாலு மணிக்கு ஒத்திகை. ரஷ்யாவில் மங்கோலிய எல்லையை ஒட்டிய தூவா பகுதியின் பாட்டுக் குழு. மூன்று ஆண்கள், ஒரு பெண். அவள் பெயர் செச்செக்.

செச்செக் மைக் முன் நின்று மூச்சை இழுத்தாள். அடித்தொண்டையிலிருந்து உறுமல் கிளம்பியது, மேடேறும் லாரி மாதிரி. அதற்கு மேலே, மெல்லிசாக ஒரு விசில்.

வைரவனின் கை யோசிக்கவில்லை. ஊர்க் கோயில் திருவிழாக்களில் மைக் செட் போட்டுப் பழகிய கை. விசில் கேட்டால் ஸ்பீக்கர் சத்தம் மறுபடி மைக்குக்குள் போகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு சுருதிக்கும் தனிக் குமிழ் உள்ள ஈக்வலைசரில் சரியான குமிழைத் தேடி இறக்கினான். விசில் செத்தது.

அவள் நிறுத்தினாள். வேறு சுருதியில் மறுபடி ஆரம்பித்தாள். இவன் அடுத்த குமிழை இறக்கினான். மூன்றாம் முறையும் அப்படியே.

"எங்கிட்டயேவா?" என்று ஸ்பீக்கரைப் பார்த்து முணுமுணுத்தான்.

செச்செக் மேடையை விட்டு இறங்கி நேராக அவனிடம் வந்தாள். அவன் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். ஒரு முழத் தூரத்தில் நின்று, மைக் இல்லாமல் பாடினாள்.

உறுமல். மேலே விசில். இரண்டும் ஒரே வாயிலிருந்து.

வைரவன் அவள் கழுத்தையே பார்த்தான்.

உடைந்த ஆங்கிலத்தில் அவள் சொன்னது இதுதான்: "பொம்பளை இப்படிப் பாடக் கூடாதுன்னு எங்க மாமா பத்து வருஷம் தடுத்தார். அவரால முடியல. நீ மூணு நிமிஷத்துல முடிச்சுட்டே."

"சாரி மேடம்," என்று அத்தனை குமிழ்களையும் பழைய இடத்துக்கு ஏற்றினான் வைரவன்.

ஏழு மணிக்குக் கூடாரம் நிறைந்துவிட்டது. முந்நூறு நாற்காலி. இரண்டாவது பாட்டில் செச்செக்கின் விசில் உச்சிக்கு ஏறியபோது, விழா மேனேஜர் மிக்ஸரை நோக்கி ஓடி வந்தார். அப்போதுதான் வந்து சேர்ந்த காதர் மைதீனும் பின்னாலேயே.

"மறுபடியும் ஊளையா? கட் பண்ணு," என்று ஆங்கிலத்தில் சீறினார் மேனேஜர்.

காதர் மைதீனின் விரல் ஈக்வலைசருக்கு நீண்டது. வைரவன் குறுக்கே கையை வைத்தான்.

"பாய், அது மிஷின் இல்ல. அந்தம்மா தொண்டை."

"மனுசத் தொண்டை உறுமிக்கிட்டே விசிலடிக்குமாடா? உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

வேணும். தோற்றுத் திரும்பி வந்ததாக ஊரில் யாரிடமும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குரலை இன்னொரு முறை கொல்லவும் முடியாது.

ஓடும் நிகழ்ச்சியில் எந்த ஆபரேட்டரும் செய்யாத காரியத்தைச் செய்தான். மொத்த சவுண்டையும் பூஜ்யத்துக்கு இழுத்தான்.

ஸ்பீக்கர்கள் ஊமையாயின. மேனேஜர் முகம் வெளுத்தது.

மேடையில் செச்செக் ஒரு கணம் மிக்ஸர் பக்கம் பார்த்தாள். மூன்று பேர் நிற்பதையும் வைரவனின் கை இருந்த இடத்தையும் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. கையசைத்து வாத்தியங்களை நிறுத்தினாள். மைக்கைத் தள்ளிவிட்டு மேடை விளிம்புக்கு வந்து, தலை நிமிர்ந்து பாட்டைத் தொடர்ந்தாள்.

கூடாரத்தில் இருமல்கூட இல்லை. ஸ்பீக்கர் துணையில்லாத அந்த விசில் கடைசி வரிசை வரை வந்தது, அடியில் உறுமலோடு.

வைரவன் மெல்லச் சத்தத்தை ஏற்றினான். பாட்டு முடிந்ததும் கூட்டம் எழுந்து நின்றது.

"இது யார் ஏற்பாடு?" என்றார் மேனேஜர், குரல் இறங்கி.

"என் ஆள் சார்," என்று நெஞ்சை நிமிர்த்தினார் காதர் மைதீன். அப்புறம் வைரவனின் காதருகே குனிந்தார். "நாளைக்கும் நீதான் உக்காருறே. ஆனா எனக்கு பிரஷர் இருக்கு தம்பி. முன்னாடியே சொல்லிட்டுச் செய்யி."

"சொன்னேனே, பாய். நம்புனீங்களா?"

காதர் மைதீன் மேடையைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்.