வேர்: பிறகு

…மஞ்சள் என்று எழுதினால் பொய், வெள்ளை என்று எழுதினால் அதைவிடப் பெரிய பொய், வெளிறிய மஞ்சள் என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், ஆனால் விரலில் ஒட்டிய பிளாஸ்திரியை நாலு நாள் கழித்துப் பிரித்தால் அடியில் ஒரு நிறம் தெரியுமே, காற்றும் வெளிச்சமும் படாமல் ஊறிப்போன தோலின் நிறம், அதுதான் இந்தப் பூவின் நிறம், அதை எப்படி எழுதுவது? ஒரு புதிய ஆர்க்கிட்டை உலகத்துக்கு முதன்முதலாக விவரிக்கிற கட்டுரையில் பிளாஸ்திரி என்று எழுதினால் எங்கள் தாவரவியல் நிறுவனத்தின் இயக்குநர் என்னை மேலும் கீழும் பார்ப்பார். மணி இரண்டு பத்து. ஐந்துக்குள் அனுப்பியாக வேண்டும், அச்சுக்குப் போகிற இதழில் நமக்கென்று எட்டுப் பக்கம் காலியாக விட்டு வைத்திருக்கிறார்கள், இதை விட்டால் அடுத்த இதழ் ஆறு மாதம் கழித்துத்தான், ஆறு மாதத்தில் வேறு யாராவது வேறு எந்த மலையிலாவது இதையே பார்த்து முந்திக்கொண்டால் என்ன செய்வேன், இருபத்திரண்டு வருஷம். இருபத்திரண்டு வருஷமாக இந்த அறையில் யார் யாரோ கண்டுபிடித்த செடிகளை அட்டையில் ஒட்டி, பூச்சி அரிக்காமல் பார்த்து, அலமாரியில் அடுக்கி, கேட்கிறவர்களுக்கு எடுத்துக் கொடுத்து… மூக்கில் ரசகற்பூர உருண்டை வாசனை ஏறி, வீட்டில் என் தலையணைகூட இந்த அலமாரி மாதிரி மணக்கிறது என்று மகள் சொல்கிறாள். ஒரு செடிக்காவது நான் பெயர் வைத்தது கிடையாது. எல்லாமே யாரோ ஏற்கெனவே வைத்த பெயர்கள். போகட்டும், வெளிறிய மஞ்சள். அடுத்த வரி, இலை: இல்லை. இதைப் படித்துவிட்டு என் கணவர் போன வாரம் முழுக்கச் சிரித்தார், "இலை இல்லை, கேக்க நல்லாத்தான் இருக்கு, அப்ப சாப்பாட்டுக்கு என்ன பண்ணுது?" என்று. சாப்பாட்டுக்கு மண்ணுக்குள் இருக்கும் பூஞ்சையை நம்பியிருக்கிறது, பச்சையே கிடையாது, வெயிலைக் கண்டு அதற்கு ஒன்றும் ஆக வேண்டியதில்லை, வருஷத்தில் மூன்று வாரம் மட்டும் தண்டு மேலே வந்து பூத்துவிட்டு மறுபடி உள்ளே போய்விடும். இருக்கிறதெல்லாம் கீழேதான் இருக்கிறது.

முறைப்படி கீழேயிருந்துதான் எழுத வேண்டும், வேர், கிழங்கு, தண்டு, இலை, கடைசியில் பூ, புத்தகங்களில் அப்படித்தான் வரிசை, ஆனால் நான் எப்போதும் பூவிலிருந்துதான் தொடங்குவேன், பூ காத்திருக்காது, பறித்த அரை மணியில் உதட்டிதழ் சுருண்டுவிடும், கிழங்குக்கு என்ன, சாராயச் சாடியில் போட்டுவிட்டால் பத்து வருஷமானாலும் அங்கேயேதான் இருக்கும். அதனால் இந்தத் தாளிலும் முதல் வரியாக, வேர்: பிறகு, என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன், மூன்று வாரமாக அந்த "பிறகு" அப்படியே இருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தச் சரிவில் நான் மண்டியிட்டு உட்கார்ந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது, மட்கிய இலைக்கு நடுவில் பதினான்கு தண்டுகள், ஒரு ஆள் கையை விரித்துப் படுத்தால் மறைத்துவிடக்கூடிய இடத்துக்குள், தலையைக் குனிந்துகொண்டு, எதையோ கேட்டுக்கொண்டிருப்பது போல. சுற்றிலும் வேறு எங்கும் இல்லை, மூன்று நாள் தேடினோம், ஒன்றுகூட இல்லை. வனக்காவலர்தான் கூட வந்திருந்தார், மழை தூறியது, அவர் குடை பிடித்தார், நான் நடுவில் இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன், அதுதான் உயரம், இருபத்திரண்டு சென்டிமீட்டர், அதில்தான் ஒன்பது பூவும் முழுசாக இருந்தது, உலகத்துக்குக் காட்டப்போகிற மாதிரிச்செடி நல்லதாக இருக்க வேண்டாமா? அப்போதுதான் அந்த ஆள் வந்தார். மருந்துக் கிழங்கு தோண்டி விற்கிறவர், தோளில் ஒரு பை, கையில் ஒரு கம்பி. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, "ஓரத்துல இருக்கறத எடுங்கம்மா, நடுவுல இருக்கறத விட்டுடுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மழையில் நனைந்து, முட்டி வலித்து, வாழ்நாளில் கிடைத்த ஒரே செடியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், எவரோ வந்து எது நல்லது என்று எனக்குச் சொல்கிறார், நல்லதைத் தனக்கு ஒதுக்கி வைக்கப் பார்க்கிறார் என்றுதான் தோன்றியது. மண்ணைத் தள்ளினேன். கிழங்கு நான் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது, வரமாட்டேன் என்றது, இழுத்தேன், உள்ளே எதெதுவோ அறுந்தது, மெல்லிய சத்தம், வேர் அறுகிற சத்தம் எனக்குப் பழக்கம்தான்.

இப்போது ஐந்து நாளாகத் தினமும் மதியம் காவலரின் போன். "மேடம், ரெண்டு சாஞ்சிடுச்சு." சரி, பூக்காலம் முடிகிறது என்று நினைத்தேன். மறுநாள், "மேடம், இன்னும் ரெண்டு." பூக்காலம் முடிந்தால் தண்டு காயும், இப்படி ஈரத்தோடு கறுத்துச் சாயாது, அது எனக்குத் தெரியும், அப்படியானால் யாரோ கை வைக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் ஒரே கேள்வியில்தான் முடிப்பார், "என்ன மேடம் எழுதிக்கட்டும்?" அவருக்கு நோட்டில் ஏதாவது எழுத வேண்டும், எனக்கும் ஏதாவது சொல்ல வேண்டும், மூன்றாம் நாள் சொல்லிவிட்டேன். "அந்தக் கிழங்கு எடுக்கற ஆள விசாரிங்க" என்றேன். "விசாரிக்கணுமா மேடம்?" என்று கேட்டார் அவர். ஆமாம் என்றேன், குரலை உயர்த்தித்தான் சொன்னேன். பிடித்தார்கள், பையைக் கொட்டினார்கள், பையில் கிழங்கு இருந்தது, கிழங்கு விற்கிறவர் பையில் வேறு என்ன இருக்கும் என்று எனக்கு ஏன் அப்போது தோன்றவில்லை? இன்று காலையிலிருந்து அவர் வன அலுவலகத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், மனைவி வாசலில் நிற்கிறாளாம், நாளை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவார்களாம், அதற்கு என்னிடமிருந்து ஒரு கடிதம் வேண்டுமாம். அதையும் தட்டச்சு செய்துவிட்டேன், இதோ கட்டுரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, கையெழுத்து மட்டும் பாக்கி, "மேற்படி நபர் நடுவிலிருந்த செடியின் மீது இயல்புக்கு மீறிய அக்கறை காட்டினார்". நல்ல வாக்கியம்தான், கச்சிதமாக வந்திருக்கிறது, எனக்கு எப்போதும் விவரிக்க நன்றாக வரும். இரண்டு தாளிலும் ஒரே எழுத்துரு, ஒரே ஓரம், கட்டுரை கடிதம் போலவும் கடிதம் கட்டுரை போலவும் இருக்கிறது, எதில் முதலில் கையெழுத்துப் போடலாம், கடிதத்தில் போட்டுவிடலாமா, சின்ன வேலை முடிந்துவிடும்… பேனா எங்கே போயிற்று?

"ஏம்மா, ஒண்ணு கேக்கணும்," ஜன்னலோர மேஜையிலிருந்து பென்சில் அக்கா. படம் வரைகிறவர்களுக்கு ஒரு பதவிப் பெயர் உண்டு, அது யாருக்கும் நினைவில் இல்லை, எல்லாருக்கும் அவள் பென்சில் அக்காதான், தேவைக்கு மேல் பேசமாட்டாள், பேசினால் ஏதாவது கோடு சரியில்லை என்று அர்த்தம். பூ, தண்டு, மகரந்தம், எல்லாம் வரைந்து முடித்துவிட்டாள், இப்போது சாடியிலிருந்து கிழங்கை எடுத்து வெள்ளைத் தட்டில் வைத்து, லென்ஸை ஆட்டி ஆட்டிப் பார்க்கிறாள். "இந்தக் கிழங்கச் சுத்திச் சின்னச் சின்னதா முறிஞ்சிருக்கே, அத எப்படி முடிக்கட்டும், வெட்டுன மாதிரி போடவா, மங்கலா விட்டுடவா?" வேர்நுனி அறுந்திருக்கும் அக்கா, மங்கலா விட்டுடுங்க என்றேன், கண்ணைக் கூடத் தூக்கவில்லை. "வேர் இல்லம்மா, வேர் தனியா பொடியா இருக்கு. இது தண்டு தடிமன் இருக்கு, உள்ள நாரு தெரியுது. எல்லாம் புது முறிவு. எண்ணிட்டேன், பதிமூணு இருக்கு. பதிமூணையும் போடவா, அஞ்சாறு போட்டு விட்டுடவா?" நான் தட்டச்சு செய்துகொண்டே இருந்தேன், என் விரல் எதையோ அடித்துக்கொண்டிருந்தது, உதட்டிதழில் இரண்டு மேடு, இணையானவை, நுனி மழுங்கியது… பதிமூன்று. பதினான்கில் ஒன்றை எடுத்தால் எத்தனை? இதற்கு ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது, மகளுக்கு இரண்டாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த கணக்கு. எழுந்து போனேன், லென்ஸில் பார்த்தேன். கிழங்கைச் சுற்றிப் பதிமூன்று வாய், ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில், ஒவ்வொன்றின் நடுவிலும் சின்ன வெள்ளைப் புள்ளி, எதையோ கொண்டுபோய்க்கொண்டிருந்த குழாயின் புள்ளி. "எல்லாத்தயும் போடுங்க அக்கா" என்றேன். அது என் குரல் போலவே இல்லை. அவள் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

பதினான்கு செடி இல்லை, ஒரே செடி. பதினான்கு தலை வைத்துக்கொண்டு ஒரே ஒரு வயிறு, பூஞ்சையிடமிருந்து வாங்குகிற வாய் அந்தக் கிழங்கில் மட்டும்தான், மற்றதெல்லாம் அதிலிருந்து போகிற கிளை, நான் வயிற்றைப் பிடுங்கிச் சாடியில் போட்டுவிட்டு, தலைகள் ஏன் சாய்கின்றன என்று தினம் மதியம் போனில் விசாரித்துக்கொண்டிருந்தேன். முதல் நாளே கிழங்கைக் கழுவிப் பார்த்திருந்தால்… பார்த்திருந்தால் மட்டும் என்ன, அறுத்தது அறுத்ததுதான், ஆனால் திரும்பப் புதைத்திருக்கலாம், அன்றைக்கே, ஈரத்தோடு, ஒருவேளை பிடித்திருக்கும், இல்லையா? இல்லை, பிடித்திருக்காது. பிடித்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்ற வேண்டியிருக்கிறது. பெயர் வேறு வைத்தாயிற்று, லத்தீனில் கூட்டமாக வாழ்வது என்று பொருள்படும் ஒரு சொல், எவ்வளவு ஆசையாகத் தேடி வைத்தேன், அதற்கும் என் கணவர் கிண்டலடித்தார், "பதினாலு பேர் ஒண்ணா இருக்காங்களா, நம்ம வீட்டுல மூணு பேருக்கே முடியல." கூட்டமே கிடையாது. உலகத்தில் இதுவரை பார்த்ததில் ஒன்றே ஒன்று இருந்தது, அதை நான் அளந்தேன். அந்த ஆள் சொன்னாரே, ஓரத்தில் எடுங்கம்மா என்று, அவருக்குத் தெரிந்திருக்கிறது, நாளெல்லாம் மண்ணுக்குள் கை விடுகிறவருக்குத் தெரியாதா, இன்னும் நாலு வார்த்தை விளக்கமாகச் சொல்லியிருக்கக் கூடாதா… பார், இப்போதும் அவர்மேல்தான் கோபம் வருகிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. சத்தமாக அழவேண்டும் போலிருந்தது, ஆனால் பென்சில் அக்கா நாலாவது முறிவை வரைந்துகொண்டிருந்தாள், பென்சில் தாளில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. மணி மூன்றே முக்கால்.

காவலருக்கு நானே போன் செய்தேன், இந்த ஐந்து நாளில் நானாகச் செய்வது முதல்தடவை. எடுத்ததும், "மேடம், இப்ப நாலுதான் நிக்குது, அதுலயும் ஒண்ணு தலை தொங்கிடுச்சு" என்றார், பின்னால் ஒரு பெண் யாரிடமோ கெஞ்சுகிற குரல் கேட்டது, அது அந்தக் கிழங்குக்காரரின் மனைவியாகத்தான் இருக்க வேண்டும். "அவர விட்டுடுங்க" என்றேன். "அவர் இல்ல." காவலர் எழுந்து வெளியே போய் நின்று பேசுகிறார் என்று தெரிந்தது, காற்றுச் சத்தம். "விட்டுடலாம் மேடம். அப்ப யாருன்னு எழுதிக்கட்டும்?" சொல்லிவிடப்போகிறேன், அதற்குத்தானே எடுத்தேன், நான்தான் என்று நாலே எழுத்து, வாயைத் திறந்தேன், திறந்த வாயில் வேறு ஒன்று தயாராக இருந்தது, எப்போது வந்து உட்கார்ந்ததோ. "முள்ளம்பன்றியா இருக்கும்," என்றேன், பதறாமல், கட்டுரையில் எழுதுகிற அதே குரலில், "கிழங்குன்னா அதுக்கு உயிர்." முள்ளம்பன்றி கிழங்கு தின்னும், உண்மைதானே, அதன் குடும்பம் வாசலில் வந்து நிற்காது, அதை யாரும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகமாட்டார்கள், அந்த மனிதரும் வீட்டுக்குப் போய்விடுவார், கட்டுரையும் ஐந்து மணிக்குப் போய்விடும், யாருக்கும் எந்த நஷ்டமும்… காவலர் மிகவும் மரியாதையாக, ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் இடைவெளி விட்டு, "முள்ளம்பன்னின்னா அங்கங்க குழி பறிச்சுப் போட்டுருக்குமே மேடம். நான் தினமும் பாக்கறேன். அந்த இடத்துல ஒரே ஒரு குழிதான் இருக்கு. நாம அன்னைக்கு மூடாம வந்தது" என்றார். அவர் போனை வைக்கவில்லை, காத்திருந்தார். ஐந்து நாளாக, என்ன மேடம் எழுதிக்கட்டும், என்ன மேடம் எழுதிக்கட்டும் என்று அவர் யாருடைய பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.