ஓடாத காரின் தேய்மானம்

கேதீஸ்வரன் அண்ணை தன் சிவப்புக் காரை லோறியில் ஏற்றிக் கொண்டுவந்து புத்தூரில் என் கராஜ் வாசலில் இறக்கினார். திருத்தச் சொல்லி அவர் கேட்கவே இல்லை. தீர்ப்புச் சொல்லச் சொன்னார்.

“பிள்ளை, இதைக் கழட்டிப் பாத்து எனக்கு ஒண்டே ஒண்டு சொல்லும். இதிலை ரேஸ் ஓடியிருக்கோ, இல்லையோ?”

அதைக் கேட்பதற்கு முன் என் தோளுக்கு மேலால் ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்தார். ஆண்பிள்ளை மெக்கானிக் யாராவது இருப்பான் என்று நினைத்திருப்பார். இந்தப் பார்வைக்கு எனக்கு வழமையாகப் பற்றிக்கொண்டு வரும். கொழும்பில் ரேஸ் கார் எஞ்சின்களோடு பதினொரு வருடம் மாரடித்துவிட்டு வந்து கராஜ் போட்டவள் நான். ஆனால் அவர் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அவர் இருபத்தாறு வருடமாக நோர்வேயில் இருக்கிறார். எழுபதுகளில் செய்த இந்த இரண்டு கதவுக் காரை ஆசைப்பட்டு வாங்கி, கொழும்பில் கொடுத்து எஞ்சினுக்குப் பலம் ஏற்றினார். மேடு உயர்ந்த காம் சாப்ட், இறுக்கமான வால்வ் ஸ்பிரிங், எல்லாம் புதிது. பிறகு உடுவிலில் இருக்கும் தன் வீட்டில் விட்டுவிட்டுப் போய் மூன்று வருடம். வீட்டைப் பார்ப்பது அவருடைய மனைவியின் தம்பி கோபிசங்கர். கோபியும் மனைவி தாரிகாவும் மகளும் அங்கேதான் இருக்கிறார்கள். மகள் அங்கிருந்து நடந்தே பள்ளிக்கூடம் போய் வருகிறாள். இந்த முறை நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த அண்ணை ஆசையோடு காரை எடுத்திருக்கிறார். எஞ்சினில் ‘டிக் டிக்’ என்று சத்தம். இழுவை கொஞ்சமும் இல்லை. போதாக்குறைக்கு, போன தீபாவளிக்குச் செம்மணி வீதியில் ஒரு சிவப்புக் கார் பறந்ததைக் கண்டதாக ஊரில் யாரோ ஓதிவிட்டிருக்கிறார்கள்.

“உவன் கோபிதான் ஓடியிருக்கிறான்” என்றார். “கேட்டால் இல்லையாம். நீர் ஓமெண்டு சொன்னால், ஆவணி முடியமுதல் அவையள் வீட்டை விட்டு வெளிக்கிடவேணும். நான் சொல்லிப்போட்டன்.”

ஒரு குடும்பம் இருக்கிற வீடு என் ஸ்பானரில் வந்து தொங்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் உள்ளதைச் சொன்னால், அப்போது எனக்கு அந்தக் குடும்பத்தைப் பற்றிய நினைப்பே இல்லை. பொனற்றை எப்போது திறப்பேன் என்றுதான் இருந்தது.

அன்று பின்னேரம் காரின் பழைய பேப்பர்களைக் கொண்டு கோபி வந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் கதைக்காத ஆள். அதற்குள் நான் வால்வ் மூடியைக் கழற்றி இடைவெளி அளந்து பார்த்துவிட்டேன். எட்டு வால்வுகளில் மூன்றில் இடைவெளி அகன்று கிடந்தது. ரேஸ் ஓடி அடித்து நொறுக்கிய எஞ்சின்களில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

“கோபி, உண்மையைச் சொல்லும். எத்தினை தரம் ஓடினனீர்?”

“நான் ஓடேல்லை அக்கா.”

“எஞ்சின் வேறை மாதிரியெல்லோ சொல்லுது.”

அவன் பேப்பர்களை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். கள்ளன், அதுதான் வாய் திறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் எஞ்சினை முழுதாகக் கழற்றினேன். காம் சாப்ட் என்பது எஞ்சினுக்குள் சுழலும் ஒரு இரும்புத் தண்டு. அதில் முட்டை வடிவில் மேடுகள் இருக்கும். மேடு ஒவ்வொன்றும் சுழலும்போது டப்பெட் என்கிற ஒரு சின்ன உருளையைத் தள்ளும். அந்தத் தள்ளலில்தான் வால்வு திறக்கும். மேடு தேய்ந்தால் வால்வு பாதிதான் திறக்கும், எஞ்சினுக்கு மூச்சு முட்டும். இந்தக் காரில் மூன்று மேடுகள் மொட்டையாகிக் கிடந்தன. நல்ல டப்பெட்டின் அடி மிக இலேசாகக் குவிந்திருக்கும். நேரான இரும்புச் சட்டத்தை அதன் மேல் வைத்தால் கொஞ்சம் ஆடவேண்டும். இந்த மூன்றிலும் சட்டம் ஆடவில்லை. வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். நடுவில் குழி விழுந்து, சட்டத்துக்குக் கீழால் வெளிச்சம் தெரிந்தது.

நல்லது, ஆள் அகப்பட்டான் என்று மற்றச் சாட்சிகளைத் தேடினேன். அங்கேதான் பிசகியது.

எஞ்சினை அளவுக்கு மிஞ்சி முறுக்கியிருந்தால் வால்வுகள் பிஸ்டன் தலையில் முட்டிப் பிறைபோலத் தழும்பு இருக்க வேண்டும். ஒன்றும் இல்லை. டப்பெட்டிலிருந்து வால்வுக்குத் தள்ளலைக் கொண்டுபோகும் தள்ளுகம்பிகள் வளைந்திருக்குமோ என்று அவற்றைக் கண்ணாடி மேல் உருட்டினேன். எட்டும் நேராக உருண்டன. ஸ்பிரிங்குகள் களைக்கவில்லை. அடியில், பிஸ்டன்கள் சுழற்றும் பெரிய தண்டான கிராங்கின் பெயரிங்குகள் புதுக் கலியாண மோதிரம் மாதிரிப் பளபளத்தன. ரேஸ் ஓடினால் முதலில் அழுவது அவைதான். மேலே புண், கீழே சுகம். இது என்ன வியாதி என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

மீற்றரைப் பார்த்தேன். கொழும்புக் கராஜ்காரர் கார்க் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த சீட்டில், காரைத் திருப்பிக் கொடுத்த அன்றைய மீற்றர் கணக்கு எழுதியிருந்தது. உடுவிலுக்குக் கொண்டுவந்த தூரத்தைக் கழித்தால், மூன்று வருடத்தில் கூடியது அறுபத்தொரு கிலோமீற்றர். மீற்றர் கேபிளைக் கழற்றிவிட்டு ஓடியிருப்பானோ என்று அதையும் பார்த்தேன். அதன் திருகில் பூசிய பெயின்ற் வெடிக்கவில்லை. குனிந்து ரயர்களைத் தடவினேன். புது ரயரில் பூனை மீசை போல ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருக்குமே, அவை இன்னும் இருந்தன. இந்தக் கார் ரேஸ் ஓடவில்லை. ரேஸ் என்ன, மருதனாமடம் சந்தைக்குக்கூட ஒழுங்காகப் போய் வந்திருக்காது.

ஓடாத கார் எப்படித் தேயும்? வடித்து வைத்திருந்த ஒயிலை மணந்து பார்த்தேன். பெற்றோல் வாடை மூக்கில் அடித்தது. ஒயில் பில்டரை இரும்பு அறுக்கும் வாளால் அறுத்து, உள்ளே இருந்த கடதாசியை வெயிலில் விரித்துக் காந்தத்தால் தடவினேன். காந்தத்தில் மாவு மாதிரி இரும்புத் தூள் ஒட்டியது. பிளக் நாலும் அடுப்புக்கரி போலக் கறுத்துப் போயிருந்தன. ஓடாத காரில் பெற்றோல் எரிந்திருக்கிறது. அதுவும் நிறைய எரிந்திருக்கிறது. எங்கே, எப்படி என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் காலை கராஜைத் திறந்துகொண்டிருந்தேன். பக்கத்து வளவில் நடராசா மாஸ்டர் ஒரு கதிரையில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் கனடாவில் இருக்கும் அவர் மகளின் வான் ஆள் இல்லாமல் தன்பாட்டில் முழங்கிக்கொண்டிருந்தது. மகள் வந்தால் ஓடுவதற்கு வாங்கிப் போட்ட வான். மாஸ்டருக்கு ஓடத் தெரியாது. பற்றறி இறங்கிவிடும், எஞ்சின் இறுகிவிடும் என்று தினமும் காலையில் ஸ்டார்ட் செய்துவிட்டுப் பேப்பர் முடியும்வரை விட்டுவிடுவார். எங்கள் பகுதியில் வெளிநாட்டுக்காரரின் வாகனம் நிற்கிற வீடெல்லாம் இதுதான் வழக்கம். முற்றம் கூட்டுவது போல அதுவும் ஒரு காலை வேலை. அதை ஒருவரும் வாகனம் பாவிப்பதாகக் கணக்கெடுப்பதில்லை.

நான் கையில் பூட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். இந்தச் சத்தத்தை எத்தனை வருடமாக ஒவ்வொரு நாளும் கேட்கிறேன். என் மண்டையில் நானே குட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. உடனே கோபிக்குப் போன் எடுத்தேன்.

“காரை ஒவ்வொரு நாளும் ஸ்டார்ட் பண்ணுறனீரோ?”

“ஓம் அக்கா. காலமை பத்தரைக்கு.”

“எவ்வளவு நேரம் விடுறனீர்?”

“அரை மணித்தியாலம். வாட்ஸ்அப்பிலை அத்தான் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் வேலைக்கு வெளிக்கிடுற நேரம் அது. போனைப் பொனற்றுக்குக் கிட்டப் பிடிக்கச் சொல்லுவார்.”

“ஓடிப் பாக்கச் சொல்லுறேல்லையோ?”

“றோட்டிலை இறக்க வேண்டாமெண்டு சொன்னவர். மாசத்திலை ஒருக்கா வீட்டு ஒழுங்கை முடக்குமட்டும் போய்த் திரும்புவன். அதுவும் அவரைக் கேட்டுத்தான்.”

“டிக் டிக் எண்டு சத்தம் எப்பவிலையிருந்து?”

“போன மாரிக்கு முதல். இரண்டு தரம் சொன்னனான் அக்கா. போனிலை வாற இரைச்சல் எண்டிட்டார்.”

இதையெல்லாம் முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று கேட்க வாயெடுத்தேன். நான் அவனிடம் அதைக் கேட்கவில்லையே. எத்தனை தரம் ஓடினாய் என்றுதானே கேட்டேன்.

பின்னேரம் அண்ணையையும் கோபியையும் கராஜுக்கு வரச் சொன்னேன். காம் சாப்டை மேசையில் துணி விரித்து வைத்திருந்தேன்.

“ரேஸ் ஓடேல்லை அண்ணை” என்றேன். “இது நிண்டபடியே தேய்ஞ்ச எஞ்சின்.”

“நிண்ட எஞ்சின் எப்பிடித் தேயும்?”

“இந்தத் தண்டுக்கு ஒயில் தனியா ஒரு குழாயிலை வாறேல்லை. கீழை கிராங்க் வேகமாச் சுத்தி அள்ளி எறியிற ஒயில்தான் இதிலை படவேணும். மெதுவாச் சுத்தினால் எறியாது. உங்கடை ஸ்பிரிங்குகள் வேறை சரியான இறுக்கம். எஞ்சின் வேகமா ஓடேக்கை அந்த அழுத்தம் மேட்டு நுனியிலை குறையும், மெதுவா நிக்கேக்கைதான் முழுசா விழும். தண்ணி விடாமல் உழுந்து அரைச்ச மாதிரித்தான். ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம், மூண்டு வருசம். ஐந்நூறு மணித்தியாலத்துக்கு மேலை வரும்.”

அவர் விரலால் மொட்டையான மேட்டைத் தடவினார்.

“ஒயில் மாத்தினதோ?” என்று கேட்டேன்.

“ஓடாத காருக்கு என்னத்துக்கு எண்டு நான்தான்…” என்று தொடங்கி நிறுத்திவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். “அங்கை விடியக்காலமை ஒரே இருட்டு. பனி. இந்தச் சத்தத்தைக் கேட்டிட்டுத்தான் பிள்ளை நான் வேலைக்குப் போறது.”

எனக்கு அவரில் இரக்கம் வந்தது. முதல் நாள் எட்டிப் பார்த்ததை அப்போதே மன்னித்துவிட்டேன்.

அவர் கோபியின் பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்க்காமல், “சரி, நடந்தது நடந்து போச்சு. சாமான் கட்டினதெல்லாத்தையும் அவிழ்த்து வையுங்கோ. தாரிகாவுக்கும் சொல்லு” என்றார்.

கோபி காற்சட்டைப் பையிலிருந்து உடுவில் வீட்டுப் பூட்டுகளின் திறப்புகளை எடுத்துக் காம் சாப்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

“வேண்டாம் அத்தான். தாரிகாவின்ரை தமக்கை வீட்டை போறம். பிள்ளை பஸ்ஸிலை பள்ளிக்கூடம் போகட்டும்.”

“ஏன்ரா, அதுதானே நீ ஓடேல்லை எண்டு தெரிஞ்சு போச்சு.”

“நான் ஓடேல்லை எண்டு நான்தான் முதல் சொன்னனான். நீங்கள் எஞ்சினைக் கழட்டிப் பாத்துத்தான் நம்பினீங்கள். நாளைக்கு வீட்டிலை இன்னொண்டு பழுதாகும். அப்பவும் எதையாவது கழட்டவேணும்.” என்னையும் ஒருமுறை பார்த்தான். “அக்காவும் நம்பேல்லை.”

அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பேப்பரை மேசையில் வைத்த அன்று போலவே சொன்னான். நான் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை அக்கா என்றான். பிறகு மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டான். இரண்டு நாளாக ஒரு பதிலைத் தேடிக் கண்டுபிடித்த சந்தோசம் எனக்கு மிச்சமில்லாமல் போயிற்று.

கேதீஸ்வரன் அண்ணை அவன் போன ஒழுங்கைப் பக்கம் பார்த்தபடி நின்றார். எதையாவது கதைக்கவேண்டுமே என்பது போலக் கேட்டார்.

“புதுக் காம் போட்டால் திரும்பவும் தேயாமல் எப்பிடிப் பாக்கிறது பிள்ளை?”

“கொஞ்சம் இளக்கமான ஸ்பிரிங் போடலாம். ஓடினாலும் ஓடாட்டிலும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஒயில் மாத்தவேணும். நிண்ட இடத்திலை முழங்க விடக்கூடாது. ஸ்டார்ட் பண்ணினால் உடனை றோட்டிலை இறக்கி நல்லா ஓடவேணும்.”

“நான் அங்கை இருக்கேக்கை ஆர் ஓடுறது?”

“ஆரையாவது நம்பிக் குடுக்கத்தான் வேணும், அண்ணை” என்றேன்.

அவர் திறப்புகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, தாரிகாவின் தமக்கை வீடு எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.