வழுக்காத தரை

விறகுக்கடை முற்றத்தில் ஜல்லிக்காரர் மூன்று மூட்டைகளைப் பிரித்து மூன்று குவியலாகப் பரப்பினார். ஒன்று ஜல்லி, ஒன்று கல் உடைத்த தூள், ஒன்று நொறுக்கிய செங்கல். கட்டை பிளக்கும் இடத்துக்கு எது சரிப்படும் என்று அண்ணி பார்த்துச் சொல்ல வேண்டும். சிமெண்ட் வேண்டாமென்று முன்பே முடிவாகிவிட்டது. பாசி பிடித்தால் அதில் கால் நிற்காது. மரச்சிராயைப் பரப்பினாலோ ஒரே மழையில் ஊறி அதுவே வழுக்கும்.

அண்ணன் போய் மூன்று மாதம் ஆகிறது. தோளில் கட்டையோடு சேற்றில் கால் வைத்தவர், பின்மண்டை அடிபட விழுந்தார், எழவே இல்லை. அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் எல்லோரும் போகிறோம், விறகு வாங்க வருகிறவர்கள்கூட. எனக்கு மட்டும் எங்கே போனாலும் அந்தச் சறுக்கும் சத்தம் கேட்கிறது. சோற்றுத் தட்டை நகர்த்தினால் கேட்கிறது. மழைக்கு முன்னால் தரைக்கு ஏதாவது போடச் சொல்லி அண்ணன் என்னிடம்தான் ஒப்படைத்திருந்தார். நாளைக்கு, நாளைக்கு என்றே ஒரு மாதத்தை ஓட்டினேன். இது அண்ணிக்குத் தெரியாது. தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் அவர் முகத்தைப் பார்த்தே நான் பேசுவதில்லை.

"கையில அள்ளிப் பாத்தா என்ன தெரியும்?" என்ற அண்ணி, மூன்று குவியல்மேலும் வாளித் தண்ணீரைத் தெளித்தார். பிறகு ஒரு கட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வெறுங்காலோடு ஒவ்வொன்றின் மேலும் நடந்தார். பார்க்க முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். செங்கல் குழைந்தது. தூள் காலில் அப்பிக்கொண்டது.

ஜல்லிமேல் நின்றார். "இது போதும். கால் நிக்குது."

ஜல்லிக்காரருக்குச் சந்தோஷம். "அண்ணனும் இதைத்தாம்மா சொன்னாரு. மழைக்கு முன்னாடியே வந்து பாத்துட்டு, தம்பி போன் பண்ணுவான், உடனே கொண்டாந்து கொட்டிடுங்கன்னாரு. நானும் தனியா எடுத்து வச்சுட்டுக் காத்துக்கிட்டே இருந்தேன்."

அவர்மேல் தப்பில்லை. நல்லதைச் சொல்வதாகத்தான் அவர் நினைப்பு.

அண்ணி திரும்பவில்லை. "போன் பண்ணலியா தம்பி?"

"பண்ணல அண்ணி."

இறங்கி என்னிடம் வந்தார். அழுவார், இல்லை அறைவார் என்று நினைத்தேன். கட்டையை என் தோளுக்கு மாற்றினார். வாளியோடு நேராக நடந்துபோய், மூன்று மாதமாக யாரும் மிதிக்காத அந்த மண்ணில் மிச்சத் தண்ணீரைக் கவிழ்த்தார். ஓரமாக ஒதுங்கி நின்றார்.

"இப்ப நீ நட."

தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் பளபளத்தது. நான் செருப்பைக் கழற்றினேன்.