யோகநாதன் ஊர் பார்த்த கதை

கொழும்பு வெள்ளவத்தை ஜெகதீஸ்வரிக்குத் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அவளுடைய தம்பி யோகநாதனுக்கோ முயலே வேண்டாம், கதவைச் சாத்திவிட்டுப் படுத்தால் போதும். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் அகப்பட்டு முழித்தது யோகநாதனின் மகள் யதுஷா, பாவம்.

யதுஷாவுக்குப் பிரான்சின் தெற்கே, மலை உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பழைய கிராமத்தில் பார்மசி வேலை. தகப்பனுக்கும் ஒரு அறை வருகிற மாதிரி அங்கேயே வீடு எடுத்திருந்தாள். தகப்பன் இருந்ததோ பாரிசில், ஒற்றை அறையில், தனிய. மனைவி செத்து இரண்டு வருசம். போன மாரியில் குளியலறையில் விழுந்து அரைநாள் தரையிலேயே கிடந்தவன். அவன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அக்காவுக்கு இருந்த ஒரே சாட்சி, ஆறு மாசத்துக்கொருக்கால் அவள் வறுத்து அரைத்து அனுப்பும் மிளகாய்த்தூள் பார்சல் திரும்பி வராததுதான். "ஒரு கிழமை வந்து இருந்து பாருங்கோ அப்பா, பிடிச்சால் என்னோடயே இருங்கோ" என்று மகள் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை பின்னேரம் மூன்றரைக்கு வெள்ளவத்தையில் ஃபோன் அடித்தது.

"மாமி, ஆறு நாளாச்சு. அப்பா வாசற்படி தாண்டேல்ல. நாளைக்கு அவருக்குப் பாரிஸ் ரெயின். திரும்பிப் போய் அந்த அறைக்குள்ள தனியக் கிடந்து..." என்றாள் யதுஷா. "நீங்கள் சொன்னால்தான் கேப்பார்."

"நீ வேலையைப் பார், பிள்ளை. உன்ர கொப்பரை நான் பாக்கிறன்."

ஜெகதீஸ்வரி ஃபோனைச் சீனி டின்னில் சாத்தி வைத்து, தம்பிக்கு வீடியோ கோல் எடுத்தாள்.

"டேய் யோகன்! கட்டில்லயே கிடக்கிறாய்?"

"ஓம் அக்கா. கால் கொஞ்சம்..."

"காலுக்கு ஒரு கோதாரியும் இல்லை. வெளிக்கிடு. ரெண்டு தரம் கேட்டும் எனக்கு விசா கிடைக்கேல்ல. இந்தச் சென்மத்தில நான் பிரான்ஸ் பாக்கிறதெண்டால் உன்ர ஃபோனுக்குள்ளாலதான். ஊரைக் காட்டு."

"இஞ்ச என்ன கிடக்கு? வெறும் பழைய கல்லு."

"உந்தக் கல்லைப் பாக்கத்தான் சனம் பிளேன் ஏறி வருது. நீ அதுக்குள்ளயே படுத்துக் கிடக்கிறாய், விசரா!"

அக்காவின் வாய்க்குப் பயந்து இறங்கினான். கொளுத்துகிற வெயிலிலும் ஒரு தடித்த கோட்டை மாட்டிக்கொண்டுதான் இறங்கினான்.

முதலில் ஒரு கல் வளைவு வந்தது. பழைய கோட்டை வாசலாம். அதற்கு அங்கால் ஒடுங்கின ஒழுங்கை, ஒழுங்கை முழுக்கத் தேய்ந்த படிகள். ஒரு வீட்டு நிலைக்கு மேல் 1624 என்று கல்லில் வெட்டியிருந்தது.

"ஐயோ, கிட்டக் கொண்டு போ! எங்கட நல்லூர்க் கோயிலைப் பறங்கியள் இடிச்சு மூண்டு வருசத்தால கட்டின வீடடா. இப்பவும் ஆக்கள் இருக்கினமோ?"

"இருக்கினம் போல. சன்னல்ல உடுப்புக் காயுது."

ஜெகதீஸ்வரி சின்னப்பிள்ளை மாதிரிக் கை தட்டினாள். ஒரு கிணறு காட்டினான். ஒரு கோணல் கோபுரம் காட்டினான். கொஞ்ச நேரம் போகத்தான் அவளுக்கு ஏதோ இடித்தது. காட்டுவதெல்லாம் வீடுகளின் பின்பக்கம். வாய்க்காலும் பூனையும் சுவரும்தான்.

"மணி அடிக்குது. அந்தத் தேவாலயம் எங்க?"

"அது சதுக்கத்துக்கு அங்கால. சுத்திப் போவம் அக்கா."

"நேர போறதுக்கென்ன?"

அவன் ஃபோனை மெல்லத் திருப்பினான். அகலமான கல் முற்றம். நடுவில் பெரிய மரம், மரத்தின் கீழ் குந்தியிருக்க வாங்குகள், வெயில். ஒரு ஓரத்தில் நீலச் சட்டை போட்ட ஒருவன்.

"பொலிஸ் நிக்குது" என்றான்.

"எட மடையா, நீ பிரெஞ்சுக்காரனாகி இருபது வருசம்!"

"தலைக்குத் தெரியும் அக்கா. காலுக்குத் தெரியேல்லையே. வதிவிடக் கார்ட் இல்லாத ஏழு வருசமும் சுவரோரமாத்தானே நடந்தனான். வெளியில நிக்கப்படாது, வாங்கில குந்தப்படாது. இப்பவும் பாஸ்போர்ட், பத்திரம் எல்லாம் இந்தக் கோட்டுக்குள்ளதான் கிடக்கு."

திட்ட வாய் எடுத்தாள். அதற்குள் ஜெகதீஸ்வரியின் கண் தன் வாசற்கதவுக்குப் போய்விட்டது. கதவுப்பக்க ஆணியில் ஒரு பிளாஸ்டிக் உறை தொங்கியது. அடையாள அட்டை, அதற்கு மூன்று பிரதி, தமிழாக்களைச் சுற்றிவளைத்துப் பிடித்த காலத்தில் பொலிசில் பதிந்த துண்டு. யுத்தம் முடிந்து பதினாறு வருசம். மகனின் மனைவி இரண்டு தரம் கழற்றி வைத்தாள். இரண்டு தரமும் சண்டை பிடித்துத் திரும்பக் கொழுவினது இவள்தான். தேங்காய் வாங்கப் போனாலும் அந்த உறை கூடவே போகும். தம்பியைத் திட்ட நான் ஆர் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது.

எழும்பிப் போய் உறையைக் கழற்றி வந்து கமராவுக்கு நேரே பிடித்தாள்.

"பார். ஒரு வயித்தில பிறந்த ரெண்டு விசர். நான் இதை அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டுறன். நீ நடுவால நட."

"அக்கா..."

"நான் சொன்னால் சொன்னதுதான். நட!"

அவன் நடந்தான். ஃபோனில் கல் தரை ஆடி ஆடி வந்தது. பாதித் தூரம் போயிருப்பான், "முசியே!" என்று ஒரு கனத்த குரல் கூப்பிட்டது. தரை ஆடாமல் நின்றது. நீலக் காற்சட்டை ஒன்று கிட்ட வந்தது. பிரெஞ்சில் ஏதோ கேட்டது. சரியாக அந்த நேரம் பார்த்துப் பாணந்துறை ரெயின் இவள் வீட்டுக்குப் பக்கத்தால், கடற்கரையோரம் இரைந்துகொண்டு போனது. ஒரு சொல்லும் கேட்கவில்லை.

"யோகன்! என்னடா கேக்கிறான்? என்ர அம்மாளாச்சி, நானெல்லோ அனுப்பினனான்!" கையிலிருந்த உறையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

ரெயின் போய் முடிந்தது. ஃபோனுக்குள் தம்பி சிரிக்கிற சத்தம் கேட்டது. மனைவி செத்தபிறகு அவள் கேட்காத சத்தம்.

"அக்கா! பார்மசிப் பிள்ளையின்ர அப்பாவோ எண்டு கேக்கிறான். ஊருக்குப் பொதுச் சாப்பாடாம். மேசையின்ர மற்றப் பக்கத் தொங்கலைப் பிடிக்கட்டாம்!"

"பிடியன்டா!"

"வையுங்கோ அக்கா, பிறகு எடுக்கிறன். இஞ்ச இறைச்சியை அடிப்பிடிக்க விடுறாங்கள்!"

முப்பது வருசம் சாப்பாட்டுக்கடைக் குசினியில் நின்றவனுக்குப் பொறுக்குமா? அக்காவின் ஃபோனைத் தானாக வைத்தது வாழ்நாளில் அதுதான் முதல் தரம். ஜெகதீஸ்வரி சந்தோசத்தில் உறையைக் கொண்டுபோய் அலுமாரிக்குள் போட்டுப் பூட்டினாள்.

பொழுதுபட யதுஷா ஒரு படம் அனுப்பினாள். சதுக்கம் நீளத்துக்கு மேசைகள். ஒரு கதிரையில் அந்தத் தடித்த கோட் தொங்கியது. கதிரை வெறுமை. தம்பியைத் தேடித் தேடிக் கடைசியில் கண்டாள்: மறுகோடியில், சட்டைக் கையை மடித்துவிட்டு, பெரிய சட்டிக்குப் பக்கத்தில் அகப்பையோடு நின்றான். கோட்டுக்கும் அவனுக்கும் நடுவில் முழுச் சதுக்கமும் கிடந்தது.

ஞாயிறு காலை அவனிடமிருந்து ஒரு குரல் செய்தி. "அக்கா, இந்தமுறை தூள் ரெண்டு கிலோவாப் போடுங்கோ. உறைப்பெண்டால் என்னெண்டு இந்தச் சனத்துக்குக் காட்டவேணும். பாரிசுக்கு அனுப்பிப் போடாதேங்கோ. யதுஷா அட்ரஸ் தருவாள்."

மூன்று தரம் போட்டுக் கேட்டு, மூன்று தரமும் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். பஸ் இரையும் காலி வீதிக்கு வந்தபிறகுதான் அடையாள அட்டை இல்லாமல் வந்தது நினைவுக்கு வந்தது. ஒரு நிமிசம் நின்றாள். கால் திரும்பப் பார்த்தது. திரும்ப விடவில்லை.

மிளகாய்க் கடை இப்ஹாம் தராசை இழுத்தான். "எப்பயும் போல பாரிசுக்கு தானே, ஆன்ட்டி?"

"இல்லையப்பன்" என்றாள் ஜெகதீஸ்வரி. "என்ர தம்பியின்ர ஊருக்கு."