சென்றாயனுக்கு ஞாபகமில்லாத ஊர்

இண்டூர் சென்றாயனுக்கு மறதி கிடையாது. ஒகேனக்கல் பரிசல்துறைக்கும் பொம்மிடி ரயிலடிக்கும் நடுவே உள்ள பூமியில் அவனுக்கு நிகரான ஞாபகசாலி பிறக்கவில்லை என்பதை ஊர் ஒப்புக்கொண்டிருந்தது; ஒப்புக்கொள்ளாதவர்கள் யார் யார் என்பதும் அவனுக்கு ஞாபகம் இருந்தது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறவர்கள் முதலில் அவனிடம் வந்து வயதைக் கேட்டுக்கொண்டு போனார்கள். எந்த வரப்பில் எந்தக் கல் யார் நட்டது, யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போன அண்டா யார் வீட்டில் தங்கிவிட்டது என்பதெல்லாம் அவன் வாயில் தயாராக இருக்கும். பல வருஷமாகப் பேசிக்கொள்ளாத பங்காளிகள் காரணத்தை மறந்துபோய், அவனிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டு, புதுத் தெம்போடு திரும்பிப் போனதுண்டு. "எனக்கு நடந்தது ஒண்ணுகூட என்ன வுட்டுப் போனதில்ல. நடக்காதது ஒண்ணுகூட எங்கிட்ட வந்ததில்ல" என்பான். சொல்லும்போது அவனும் சிரித்ததில்லை, கேட்டவர்களும் சிரித்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் சித்திரை மாதத்தில் ஒரு நாள், களி கிண்டிக்கொண்டிருந்த அவன் மனைவி தீர்த்தம்மாளுக்கு, தான் ஏரிகளும் பனியும் நிறைந்த ஒரு சீமையில் பல வருஷம் சந்தோஷமாகக் குடியிருந்தது ஞாபகம் வந்தது. அவள் அதுவரை போயிருந்த குளிர்ப் பிரதேசம் வத்தல்மலை ஒன்றுதான்; அங்கும் சாமை வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் இறங்கிவிட்டாள். ஆனாலும் எல்லாம் தெளிவாக இருந்தது. ஏரிகள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு கிடந்தன, கரைக்கு ஒரு டவுன் இருந்தது. குளிர்காலத்தில் ஏரித் தண்ணீர் கல்லாகிவிடும், சந்தைக்குப் போகிறவர்கள் அதன்மேல் நேராக நடந்து போவார்கள். மற்ற மாதங்களில் கரையைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும் என்பதால் அங்கே எல்லாரும் குளிருக்காகக் காத்திருந்தார்கள். உறையத் தொடங்கும் முதல் நாள் ஏரி, தாயைவிட்டுப் பிரித்துக் கட்டின கன்று மாதிரி கத்தும். அந்தச் சத்தம் கேட்டால் கடைக்காரர்கள் கடையைவிட்டு வெளியே வந்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள்.

"பனின்னா மார்கழிப் பனி இல்லீங்க. மாவு சலிக்கிறாப்ல சத்தமில்லாம வுழும். காலையில கதவத் தொறந்தா ஊரயே காணோம்."

"ஊரு காணாமப் போனா தேடறதுக்கு யாரு போனது? நீயா?"

"நீங்கதான் போனீங்க, மம்பட்டிய எடுத்துக்கிட்டு."

"நானா?"

"பின்ன? மறந்துட்டீங்களா?"

அந்த வீட்டில் அப்படி ஒரு கேள்வி கேட்கப்பட்டது அதுவே முதல் தடவை. களி அடிப்பிடித்தது.

சென்றாயன் தன் ஞாபகத்தை ஆதியிலிருந்து ஒரு தடவை முழுதாகத் தேடிப் பார்த்தான். அதற்கு ஒரு வாரம் பிடித்தது. பிறந்தது முதல் ஒரு நாள்கூட விடுபடவில்லை. எல்லா நாட்களிலும் இண்டூர்தான் இருந்தது, எல்லா நாட்களிலும் வெயில்தான் அடித்தது. ஆகவே மனைவிக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று முடிவுகட்டினான். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. அந்த ஊரைப் பற்றி அவள் பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது, கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பொருளெல்லாம் குளிர்ந்துபோனது. தெரு இதில் ஆச்சரியப்பட்டது போக மீதி நேரத்தில் பயனடைந்தது. பக்கத்து வீட்டு ராமக்கா கோடை முழுக்க வெண்ணெய்ச் சட்டியைக் கொண்டுவந்து அவள் மடியருகே வைத்துவிட்டு, "அந்த ஊருக் கதய எடு தீர்த்தா, உருகுது பாரு" என்பாள். தீர்த்தம்மாள் மரத்தால் கட்டின வீட்டைப் பற்றியும், ஏரியில் ஓட்டை போட்டு மீன் பிடித்ததைப் பற்றியும், சென்றாயன் அவளைச் சறுக்குப் பலகையில் உட்காரவைத்துப் பாட்டுப் பாடிக்கொண்டே அடுத்த டவுன்வரை இழுத்துப்போனதைப் பற்றியும் சொல்லுவாள். வெண்ணெய் கெட்டியாகும். பாட்டுப் பாடும் சென்றாயனை இண்டூரில் யாரும் பார்த்ததில்லை என்பதால் தெருவுக்கு அந்த இடம் மட்டும் நம்பும்படி இல்லை.

வேறொரு பழக்கமும் அவளிடம் ஒட்டிக்கொண்டது. வெளியே போய்விட்டு வந்தால் வாசற்படியில் நின்று, செருப்பில்லாத காலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டுவாள், பனி உதிரட்டும் என்று. உள்ளே வந்த பிறகும் கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள்.

"காலுக்கு லாடம் அடிச்சி வுடட்டா?" என்று கேட்டான் சென்றாயன். "கதவு யாருக்குத் தொறந்து கெடக்குது? தெரு நாய்க்கா?"

"கருப்பிக்கு."

"எந்தக் கருப்பி?"

"நம்ம கருப்பி. சுத்தியும் வெள்ளையாக் கெடக்குது, புள்ள கண்ணுக்குத் தப்பிடக்கூடாதுன்னு நீங்கதான அந்தப் பேரு வெச்சீங்க."

அவர்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷமாகக் குழந்தை இல்லை. அப்படி ஒரு பேர் வைத்தது சென்றாயனுக்குத் தெரியவில்லை. தீர்த்தம்மாளுக்கும் ஒன்று மட்டும் தெரியவில்லை.

"அங்கிருந்து வர்றப்ப புள்ளய யாருகிட்ட வுட்டுட்டு வந்தோம்? அந்த எடம் மட்டும் எனக்கு நெனப்பு வர மாட்டேங்குது. ஒங்களுக்குத்தான நெனப்பு சுத்தம். கொஞ்சம் யோசிச்சிச் சொல்லுங்க."

அவன் யோசிக்கவில்லை. மறுநாள் சாவடியில் நாலு பேருக்கு நடுவே எழுந்து நின்று, மாடு மிதிக்கிற மாதிரி காலைத் தட்டிக் காட்டி, குடையை விரித்துக் கதவாகப் பிடித்துக்கொண்டு, "வாம்மா கருப்பி, வா, குளிரப் போவுது" என்று கூப்பிட்டு, குடையைப் படாரென்று மூடினான். சாவடி விழுந்து விழுந்து சிரித்தது. தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கம் வந்த தீர்த்தம்மாளும் நின்று பார்த்தாள். "எல்லாம் சரியாத்தான் செய்யறீங்க. கதவ மட்டும் அவ்ளோ சீக்கிரம் சாத்தாதீங்க, புள்ள வெரலு நசுங்கும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அதற்குப் பிறகு சாவடியில் சிரிப்பு அவ்வளவாக எடுபடவில்லை.

இப்படியே நாலு கோடை போயிற்று. சீமையில் சண்டை தொடங்கியது, மண்ணெண்ணெய் அருகிப்போனது, வெண்ணெய் உருகவில்லை. நாற்பத்திரண்டாம் வருஷம் சென்றாயனின் தாய்மாமன் நஞ்சப்பன், குலம் அற்றுப்போகக்கூடாது என்று சொல்லி, பாப்பாரப்பட்டி மாதேஸ் என்பவருடைய மகளை அவனுக்கு இரண்டாம் தாரமாகப் பேசிவிட்டு வந்தார். புதியவள் வந்ததும் தீர்த்தம்மாள் பொம்மிடியில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்றும் பேச்சு. அவள் அழவில்லை. "கொழந்த இல்லாத வூட்டுக்குத்தான ரெண்டாந்தாரம்? எங்களுக்குத்தான் இருக்குதே" என்றாள். இந்தப் பதில் பாப்பாரப்பட்டிவரை போய்ச் சேர்ந்துவிட்டது. மாதேஸ் நேர்மையான மனுஷன், காதில் விழுந்ததை அப்படியே நம்புகிறவர். ஏற்கெனவே பிள்ளை இருக்கிற இடத்தில் பெண்ணைத் தரமாட்டேன், ஞாபகத்துக்குப் பேர்போன மாப்பிள்ளை சபையில் தன் வாயால் சொல்லட்டும் என்றார். சென்றாயன் 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்த்தம்மாள் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அவனுக்கு அது சுலபமான வேலையாகத்தான் பட்டது. ஆனால் அந்த மாதத்தில் அவனுடைய வலதுகை சரியாக இல்லை. கொல்லைக்காட்டுக்கு நடந்து போகும்போது உள்ளங்கை தானாகப் பாதி மடங்கிக்கொள்ளும். அதற்குள் ஒரு சப்போட்டாப் பழம் அளவில், குளிர்ச்சியாக எதுவோ இருக்கும். இன்னொரு நாள், தான் வழக்கத்தைவிட மெதுவாக, அடியைக் குறுக்கிக் குறுக்கி வைத்து நடப்பதைக் கவனித்தான். குட்டைக் கால்களுக்கு ஈடுகொடுத்து நடக்கிறவனின் நடை அது. இது என்றைக்கு நடந்தது என்று உள்ளே தேடினான். அவனிடம் இருந்த சகலத்துக்கும் கிழமை உண்டு, நட்சத்திரம் உண்டு. இதற்கு மட்டும் ஒன்றும் இல்லை. நடந்தது என்றால் விட்டுப் போயிருக்கக்கூடாது. நடக்கவில்லை என்றால் வந்திருக்கக்கூடாது. அவன் வரப்பில் உட்கார்ந்து கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கை ஈரமாக இருந்தது.

பங்குனி மாதத்தில், நல்ல வெயிலில், புளியமரத்தடியில் சபை கூடியது. வெற்றிலைத் தட்டு நடுவில் இருந்தது. தீர்த்தம்மாள் வரவில்லை, மூட்டையைக் கட்டி வாசலோரம் வைத்துவிட்டு உள்ளே களிக்கு உலை வைத்திருந்தாள்.

"ஒங்க வாயால சொல்லுங்க மாப்ள," என்றார் மாதேஸ். "மூத்த சம்சாரத்துக்கிட்ட ஒங்களுக்குப் புள்ள உண்டா, இல்லையா?"

சென்றாயன் வலதுகையைத் திருப்பிப் பார்த்தான்.

"இதுல யோசிக்க இன்னாடா இருக்குது?" என்றார் நஞ்சப்பன். "ஒன் வூட்டுல தொட்டில் ஆடி எவன் பாத்தான்? இல்லேன்னு சொல்லித் தொலடா!"

சென்றாயன் வாயைத் திறந்தான். முதலில் புகை வந்தது. பிறகு, "எனக்கு ஞாபகம் இல்லீங்க" என்றான்.

சென்றாயன் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வரும் என்று அங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை, புகையை எதிர்பார்த்தவர்கள்கூட. மாதேஸ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பெத்தமா இல்லையான்னே தெரியாதவனுக்கு எம்பொண்ணக் குடுத்தா, நாளைக்கு அவளயும் எங்கயாவது வுட்டுட்டு வந்து நிப்பான். தட்ட எடுங்கடா" என்றார். நஞ்சப்பன் அதற்குப் பிறகு மருமகனிடம் பேசவே இல்லை. ஏன் பேசுவதில்லை என்பது மட்டும் கடைசிவரை இருவருக்கும் ஞாபகம் இருந்தது.

அத்தோடு சென்றாயனின் பேர் கெட்டது. வயது கேட்க ஆட்கள் கணக்குப்பிள்ளையிடம் போகத் தொடங்கினார்கள், அவர் வாயில் வந்ததைச் சொல்லி அனுப்பினார். காரணம் கேட்க ஆளில்லாமல் இரண்டு பகைகள் தாமாகவே தீர்ந்துபோயின. நாற்பத்தேழில் வெள்ளைக்காரர்கள் தங்கள் குளிர்ச்சீமைக்குக் கப்பலேறினார்கள். அந்தத் தீபாவளிக்குத் தையல்காரர் சவுரியப்பன், சென்றாயன் கையாலேயே காட்டிய அளவுக்கு, உள்துணி வைத்துத் தடிமனாக ஒரு பாவாடை தைத்துக் கொடுத்தார். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. போன வருஷத்தைவிட நாலு விரற்கடை நீளம் என்று மட்டும் கவனித்தார்.

அதெல்லாம் பிறகு. அன்று மத்தியானம் சபை கலைந்ததும் சென்றாயன் வீட்டுக்கு நடந்தான், மெதுவாக, அடியைக் குறுக்கி. தெருவில் வெயில் வெள்ளையாகக் கிடந்தது. வாசற்படிக்கு வந்ததும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். ஆள் நடமாட்டம் இல்லை. வலதுகாலை ஒரு தட்டு, இடதுகாலை ஒரு தட்டு. உள்ளே நுழைந்தான். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான், ஏரிக்கரையிலிருந்து குட்டைக் கால்கள் ஏறிவர எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம். பிறகு இடுக்கில் விரல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, மெல்லச் சாத்தினான்.

தீர்த்தம்மாள் களியைக் கிண்டிக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை.

"காலத் தட்டிட்டு வந்தாளா?" என்று கேட்டாள்.

"தட்டினா" என்றான் சென்றாயன்.