டூசான் கடையில் நிற்பவன்

மகனின் தகனத்தை ருக்மிணி போனில்தான் பார்த்தாள். விசா கிடைக்கவில்லை. படூர் ஃபிளாட்டின் கூடத்தில் கணவர் உப்பிலியோடு ஒட்டி உட்கார்ந்து, கையகலத் திரையில் ஒரு பெட்டி உள்ளே தள்ளப்படுவதைப் பார்த்தாள். முகத்தை ஒருதரம் காட்டச் சொல்ல வாய் வரவில்லை. அதனாலோ என்னவோ, ஹர்ஷவர்தன் போய்விட்டான் என்பது அவளுக்குள் இறங்கவே இல்லை.

அரிசோனாவில், டூசான் என்ற ஊரில், அவனுக்கு நல்ல கம்ப்யூட்டர் வேலை. அதை விட்டுவிட்டு மனைவி அதிதியோடு சேர்ந்து டிபன் கடை போடப்போகிறேன் என்று சொன்னபோது, ருக்மிணி ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. அவன்தான் மெல்ல வழிக்குக் கொண்டுவந்தான். கடையின் உள்கூரையில் கேமரா ஒன்றை மாட்டி, படம் அம்மாவின் போனிலும் தெரியும்படி செய்தான்.

"அங்கேர்ந்தே மேற்பார்வை பாரும்மா. நீதான் முதலாளி."

ஒரு பக்கம் லாண்டரி, மறுபக்கம் டயர் கடை, நடுவில் இவர்கள் கடை. தரைக்குக் கல் பதித்ததையும், கவுன்டர் வந்து இறங்கியதையும், சமையலறைப் புகைபோக்கி சரியில்லை என்று சோதிக்க வந்த அதிகாரி உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனதையும் அவள் படூரில் கீரை ஆய்ந்தபடியே பார்த்தாள். கடைசியில் லைசென்ஸ் வந்தது. அந்த வாரமே, கவுன்டருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த ஹர்ஷா மாரடைப்பில் அப்படியே சரிந்தான். அந்த நேரம் பார்த்து ருக்மிணி காய் வாங்கக் கேளம்பாக்கம் போயிருந்தாள்.

பிறகு அவள் மருமகளோடு பேசவில்லை. கடை வைக்கும் யோசனையே அதிதியுடையது. "அவ ஆசைக்கு என் பிள்ளையைக் கொடுத்தாச்சு" என்று ஒருநாள் சொன்னாள். ஞாயிறுதோறும் அதிதி கூப்பிடுவாள். உப்பிலிதான் எடுத்துப் பேசுவார்.

காரியங்கள் முடிந்து கொஞ்ச நாளில், ஒரு மத்தியானம், ருக்மிணியின் போன் சிணுங்கியது. கடையில் ஏதோ அசைகிறது என்று கேமரா சொன்னது. இங்கே உச்சி வெயில், அங்கே நடுராத்திரி. திறந்து பார்த்தாள். சாம்பல் பூத்த இருட்டு. மேஜைகள் மேல் நாற்காலிகள் கவிழ்ந்து கிடந்தன. கவுன்டருக்குப் பின்னால் ஒருவன் முதுகைக் காட்டி நின்றான். தலையை மூடும் குல்லாய் வைத்த மேல்சட்டை. போன குளிர்காலத்தில் ஹர்ஷா போட்டோ எடுத்து அனுப்பிய அதே சட்டை. ஒரு கையால் கவுன்டர் பலகையைத் தடவினான். கொஞ்ச நேரத்தில் படம் நின்றுபோனது.

அவளுக்குப் பயம் வரவில்லை. மாறாக, எத்தனையோ நாளுக்குப் பின் அன்றைக்குப் பசித்தது.

மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும். அவள் யாரிடமும் சொல்லவில்லை. காலையிலேயே சமையலை முடித்துவிட்டுப் போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அவன் வந்து நின்றுவிட்டுப் போன பிறகுதான் இலை போடுவாள். வராத நாட்களில் சாதம் தொண்டையில் இறங்காது.

வீட்டு வேலைக்கு வரும் வேண்டா என்பவள் ஒருநாள் பாத்திரம் தேய்த்துவிட்டு ஈரக்கையோடு வந்து நின்றாள்.

"இன்னாம்மா, சாப்டாம கொள்ளாம போனையே பாத்துகினு கீறீங்க?" என்று எட்டிப் பார்த்தவள், சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "யார்மா அது? நம்ம தம்பியா?"

ருக்மிணி போனை அவள் பக்கம் திருப்பினாள். "ஒனக்கும் தெரியறதா?"

"நிக்கிறது நல்லா தெரிதேம்மா." வேண்டா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு பின்வாங்கினாள். "வோணாம்மா. அதைப் பாக்காதீங்க. பாக்கப் பாக்க அது போவாது."

போகக் கூடாது என்றுதானே பார்க்கிறேன் என்று ருக்மிணி நினைத்துக்கொண்டாள்.

இப்படியே ஐப்பசி போய்க் கார்த்திகையும் பிறந்தது. ஒருநாள் அவன் நின்ற விதம் வேறாக இருந்தது. தோள்கள் குலுங்கின. பிள்ளை அழுகிறான். பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. திரையின் அடியில் சின்னதாக ஒரு மைக் படம் உண்டு. அதை அழுத்தினால் இங்கே பேசுவது அங்கே கேட்கும் என்று ஹர்ஷா சொல்லியிருந்தான். அழுத்தினாள்.

"ஹர்ஷா."

உருவம் தூக்கிவாரிப் போட்டதுபோல் அதிர்ந்தது. இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டது. பிறகு மெல்ல, மிக மெல்ல, கூரையை நிமிர்ந்து பார்த்தது. குல்லாய் பின்னால் நழுவியது.

அதிதி.

"அம்மா?" கரகரவென்று குரல் வந்தது. "அம்மா, நீங்களா கூப்பிட்டேள்?"

ருக்மிணி போனை முகத்துக்கு அருகே கொண்டுவந்தாள்.

"ஆத்துல தூக்கமே வரலைம்மா. அவரோட சட்டையைப் போட்டுண்டு இங்க வந்து நிப்பேன். அவர் விழுந்த இடத்துல. விடியறதுக்குள்ள போயிடுவேன்." அதிதி புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க பார்ப்பேள்னு தெரியாது."

தன் பிள்ளை என்று நினைத்து இத்தனை நாளும் பார்த்தது இவளையா? ருக்மிணிக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெரிய இருட்டில் தரையில் குந்தியிருந்தவளைப் பார்க்கப் பார்க்க அது வரவில்லை.

"எத்தனை நாளாடி இப்படி வரே?"

"இந்த வாரந்தாம்மா. அதுக்கு முன்னாடி கதவைத் திறக்கவே பயம். சாவியைக் கட்டட ஓனர்கிட்டயே கொடுத்து வெச்சிருந்தேன். அவர் ஊர்ல இல்லை. வந்தப்புறம்தான் வாங்கினேன்."

ருக்மிணி திரையிலிருந்து நிமிர்ந்தாள். சமையலறை வாசலில் வேண்டா நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள். அவள் அந்த உருவத்தைப் பார்த்தது தீபாவளிக்கும் முன்னால். வேண்டா வாயெடுத்தாள். ருக்மிணி வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

"அம்மா, இருக்கேளா?"

"இருக்கேன்." திரையில் அதிதிக்குப் பின்னால், சமையலறைக்குப் போகும் வழி கறுப்பாகத் திறந்திருந்தது. ருக்மிணியின் கண் அங்கேயே போயிற்று. "கடையை என்ன பண்ணப்போறே?"

"நீங்க சொன்னா வித்துடறேன்."

"திற" என்றாள் ருக்மிணி. "முதல்ல எழுந்து விளக்கைப் போடு. எல்லா விளக்கையும் போடு. அந்த இடத்துல நாலு பேர் வந்து உக்காந்து சாப்பிடட்டும். நீ இனிமே ராத்திரி அங்க தனியா வராதே. தூக்கம் வரலேன்னா எனக்குப் பேசு. எனக்குப் பகல்தானே."

விளக்குகள் எரிந்தன. அதிதி கண்ணைச் சுருக்கிக்கொண்டு கூரையைப் பார்த்துக் கைகூப்பினாள்.

தை பிறந்ததும் கடை திறந்தது. முதல் நாள் பக்கத்து லாண்டரிக்காரர்கள்தான் வந்தார்கள். அப்புறம் கல்லூரிப் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். அதிதி ராத்திரிகளில் பேசினாள், பேசியபடியே தூங்கியும் போனாள். மாசி மாதத்தில் ஒருநாள், பழைய கேமராவைக் கழற்றிவிட்டு வாசலுக்குப் புதிதாக ஒன்று மாட்டப்போகிறேன், கடைக்குள்ளே எதற்கு என்று கேட்டாள். ருக்மிணி பதில் யோசிப்பதற்குள் உப்பிலி அவள் கையிலிருந்து போனை வாங்கினார்.

"அது இருக்கட்டும்மா அதிதி. கழட்டாதே."

பேசி முடித்ததும் ருக்மிணி அவரையே பார்த்தாள். "உங்களுக்கு எதுக்கு அது?"

"நீ என் போன்ல அவளோட பேசிண்டிருக்கச்சே, உன்னோடதுல நானும் பார்ப்பேன்" என்றார் உப்பிலி. பால்கனிக் கதவருகே போய் நின்றுகொண்டார். தூரத்தில் முட்டுக்காட்டுக் கழிமுகம் வெயிலில் மின்னியது. "நேத்திக்கும் பார்த்தேன்."

நேற்று அங்கே ராத்திரி முழுக்க அதிதி வீட்டிலிருந்து தன்னோடு பேசிக்கொண்டிருந்தது ருக்மிணிக்கு நினைவு வந்தது.

"யாரைப் பார்த்தேள்?"

அவர் திரும்பவில்லை.

"பேர் சொல்லிக் கூப்பிட்டுடாதே ருக்கு. கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பான். திரும்பினா, வேற யாராவதா இருந்துடப் போறான்."